அகதியின் கைத்தொலைபேசி: ஒரு படமும் நான்கு வாசிப்புக்களும்

எமது சந்திப்புக்களிலும் சஞ்சிகைகளிலும் இணையத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் மாறிமாறிக் கேட்கின்றன. குரலற்றிருந்தவர்களுக்கு இணையம் குரல் கொடுத்துவிட்டது, ஆசிரியர் குழுக்களின் கதவைத் தட்டாமலேயே எவரும் எழுதலாம் என்று மகிழ்கிறது ஒரு குரல். 'எங்கட சனம் ரெலிபோனுக்குள்ளயே விழுந்து கிடக்குது. வாசிப்புமில்லை, விவாதமுமில்லை. வட்ஸ்அப்பில வாறதுதான் வேதம்' என்று சலித்துக்கொள்கிறது மற்றக் குரல். முதலாவது பெரும்பாலும் இளையவர்களுடையது. இரண்டாவது, 1980களில் வந்திறங்கிய என் தலைமுறையினருடையது. ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும் இரண்டுமே ஒரே எடுகோளிலிருந்து புறப்படுகின்றன என்பது என் அபிப்பிராயம். இணையம் என்பது கருத்துச் சொல்லும் இடம் என்பதே அந்த எடுகோள். எழுதுவோராகிய நாம் எமது தொழிலையே அளவுகோலாக்கி மற்றவர்களின் வாழ்க்கையை அளக்கிறோம். அந்த அளவுகோலில் அகதியின் அன்றாடம் அகப்படுவதில்லை.

நான் வசிப்பது மொன்றியலின் வடக்கு விளிம்பில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில். ஆற்றைக் கடந்தால் லவால். எம்மவர்கள் கோத்-தெ-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் செறிந்திருப்பதுபோல இங்கு இல்லை. லெபனானியர், சிரியர், ஹெயிற்றியர், மக்ரேப் நாட்டவர் என்று பலரும் கலந்து வாழும் அடுக்குமாடிகளில் ஆங்காங்கே ஒரு தமிழ்க் குடும்பம். இதே பகுதியிலுள்ள ஷபனெல் வீதியின் தையற் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் எம்மவர் பலர் வேலை செய்தனர். நானும் செய்தேன். உலக ஆடை வர்த்தகத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2005 இல் நீங்கியதும் அந்தத் தொழில் சுருங்கியது. இப்போது வருபவர்கள் களஞ்சியங்களிலும் துப்புரவு வேலைகளிலும் சேர்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, நூலகத்துக்கு அழைத்துச் சென்று கணனியில் உட்காரவைப்பது என்று சில வருடங்களாக உதவி வருகிறேன். இக்கட்டுரையில் நான் முன்வைப்பவை அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவதானங்களே.

அன்றாடம்

அயலில் தமிழ்க் கடையோ கோயிலோ இல்லாத ஒருவருக்குக் கைத்தொலைபேசி எவ்வெவற்றுக்குப் பதிலாக நிற்கிறது என்று பாருங்கள்.

விடிகாலை 4 மணிக்கு வேலை முகவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். இன்று ஆள் தேவை, இன்ன சந்தியில் வாகனம் நிற்கும் என்று. எழுத்திலான ஒப்பந்தம் எதுவும் கிடையாது. எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்பதற்கு அந்த வரிகளைத் தவிர வேறு அத்தாட்சியில்லை. சம்பளம் குறைந்தால் வாதாடுவதற்கு அவைதான் ஆதாரம். ஆகவே, 'ஒன்றையும் அழிக்காதேங்கோ' என்று நான் சொல்வது வழக்கம். இந்த அறிவுரை இன்னொரு இடத்தில் எப்படித் தலைகீழாகிறது என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

பகலில் கடிதங்கள். கியூபெக் அரசு 2022 இல் நிறைவேற்றிய 96 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, புதிதாக வந்தவர்களோடு அரச அலுவலகங்கள் முதல் ஆறு மாதங்களுக்குத்தான் வேறு மொழியில் தொடர்புகொள்ளலாம். சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்ற விதிவிலக்குகள் தவிர, அதன்பின் பிரெஞ்சு மட்டுமே. இவ்விதி 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு கற்பிப்பதற்கெனத் தனி நிறுவனமும் திறக்கப்பட்டது. ஆனால் 2024 இலையுதிர் காலத்தில் பணம் போதாதென்று பல வகுப்புக்கள் நிறுத்தப்பட்டன. மொழியைக் கட்டாயமாக்கியவர்களே வகுப்பைக் குறைத்தால் எஞ்சுவது தொலைபேசியின் கமெராதான். கடிதத்தின் மேல் அதைப் பிடித்தால் தமிழ் வருகிறது. ஒரு முறை ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கடிதத்தில் 'ஓடியான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தது. வழக்கு விசாரணை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே எழுத்துக்களோடுள்ள சொல் பார்வையாளரைக் குறிக்கும். தொலைபேசி தமிழில் 'பார்வையாளர்கள்' என்று காட்டியிருந்தது. ஏதோ கூட்டத்துக்கு அழைக்கிறார்கள் போலும் என்று எண்ணி அவர் கடிதத்தை ஒரு கிழமை ஒதுக்கி வைத்திருந்தார். திகதி தப்பிப்போயிருந்தால் வழக்கே கைவிடப்பட்டதாகக் கருதப்படக்கூடும்.

அந்த விசாரணையும் இப்போது தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 2020 இல் தொற்றுநோயை முன்னிட்டு அகதிச் சபையின் விசாரணைகள் திரைக்கு மாறின. தொற்றுநோய் தணிந்த பின்னும் திரையே வழமையாக நீடித்தது. நேரில் வர விரும்புபவர் கேட்டுப் பெறலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வாடகையைப் பங்கிட்டு நால்வர் இருக்கும் வீட்டில், சமையலறை மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்துவைத்த தொலைபேசியின் முன்னால், தடுப்பு முகாமில் தனக்கு நேர்ந்தவற்றை ஒருவர் சொல்கிறார். சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் அது கேட்கிறது. 'ஒரே ஊர்ப் பெடியள். அவங்களுக்கு இதுவரைக்கும் தெரியாது' என்றார் அவர். விசாரணை மண்டபத்தில் குறைந்தபட்சம் ஒரு கதவு இருந்தது.

இரவில் ஊர். இங்கு கோடையில் இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை 6.30. பிள்ளைக்குக் காய்ச்சல், கிணற்றில் தண்ணீர் வற்றியது, காணிக்காரன் எல்லைக் கல்லைத் தள்ளிப் போட்டது எல்லாம் வருகின்றன. செத்தவீடும் வருகிறது. கிரியைகளை நேரடியாக ஒளிபரப்புவது ஊரில் இன்று ஒரு தொழில். தாயின் உடலைச் சுற்றி நின்று அழுபவர்களை மகன் கார்ட்டியர்வில்லில் கட்டிலில் இருந்தபடி பார்க்கிறான். இதைத் 'தொழில்நுட்ப மோகம்' என்று எழுதியவர்களும் எம்மிடையே உண்டு. கனடாவின் 2012 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை அவர்கள் அறியவில்லைப் போலும். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமையும் பெற்ற ஒருவர் தாம் தப்பிவந்த நாட்டுக்குப் போய்வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கருதப்பட்டு அகதி அந்தஸ்தோடு வதிவுரிமையையும் இழக்க நேரலாம். செத்தவீட்டுக்குப் போனேன் என்ற காரணம் அவரைக் காப்பாற்றும் என்ற உறுதியில்லை. அந்த மகன் திரையைத் தெரிவு செய்யவில்லை. அவனுக்கு விடப்பட்டிருந்தது அது ஒன்றுதான்.

ஆக, அலுவலகம், கூலிக் கணக்கு, மொழிபெயர்ப்பாளர், நீதிமன்றம், செத்தவீடு ஆகிய ஐந்தும் ஒரே கருவிக்குள் குடியேறிவிட்டன. கருத்துச் சொல்வதென்பது இவற்றின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சிறு மூலை.

பேச்சு ஆவணமாகும்போது

எமது தலைமுறையின் தொலைபேசி வேறு. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணத்தோடு நேரே பேச வழியிருக்கவில்லை. அம்மா கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து, தொலைத்தொடர்பு நிலையமொன்றின் வாங்கில் காத்திருந்து, எமது அழைப்பை எடுக்கவேண்டும். கனடாவிலிருந்து கடல்கடந்து செல்லும் அழைப்புக்களின் ஏகபோகம் இதே மொன்றியலைத் தலைமையகமாகக் கொண்ட ரெலிகுளோப் நிறுவனத்திடம் 1998 வரை இருந்தது. கட்டணம் ஒரு நாட்கூலியைத் தின்றுவிடும். ஆனால் பேசி முடித்து வைத்துவிட்டால் பேசியது எம்மோடு போயிற்று. எவரும் அதை நான்கு வருடம் கழித்து எமது முகத்துக்கு முன்னால் விரித்துவைக்க முடியாது.

1986 ஓகஸ்ட் 11 இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்தியாவிலிருந்து வந்ததாகவே அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டார்கள் என்பது சில நாட்களில், பத்திரிகையாளரும் பொலிசாரும் தேடி விசாரித்த பின்னர் வெளியானது. பெரும் கூச்சல் எழுந்தது. ஆனாலும் அவர்கள் இருக்க அனுமதிக்கப்பட்டனர். இன்று அதே படகில் ஒருவர் வந்தால் விசாரித்தறிய வேண்டிய தேவையே இல்லை. சட்டைப் பைக்குள் இருக்கும் தொலைபேசி, எந்த நாளில் எந்த ஊரில் எந்தக் கோபுரத்தோடு பேசியதென்று அவருக்கு முன்பே வாய்திறந்துவிடும். பொய் சொல்லும் உரிமைக்காக நான் வாதாடவில்லை. எந்த உண்மையை எப்போது, எந்த மொழியில், எவ்வளவு சொல்வதென்ற தெரிவு அகதியின் கையிலிருந்து அவருடைய கருவிக்குப் போய்விட்டது என்பதையே சுட்டிக்காட்டுகிறேன்.

அரசுகள் இதை நன்றாகவே புரிந்துகொண்டன. அடையாளப் பத்திரமில்லாத தஞ்சக் கோரிக்கையாளரின் தொலைபேசித் தரவுகளை வாசிக்க ஜேர்மனி 2017 இல் சட்டமியற்றியது. வேறு மென்மையான வழிகள் இருக்கையில் தொடக்கத்திலேயே அப்படி வாசிப்பது சட்டவிரோதமென்று அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2020 இல் சிறு படகுகளில் வந்து இறங்கியவர்களிடமிருந்து தொலைபேசிகளைப் பொத்தாம்பொதுவாகப் பறித்த இரகசியக் கொள்கை சட்டவிரோதமென்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் கூறியது. கனடாவில், சுங்கச் சட்டத்தின் கீழ்த் தொலைபேசியையும் சாதாரணப் 'பொருள்' என்று கொண்டு காரணமின்றிச் சோதிப்பது அரசியலமைப்புக்கு முரணென்று அல்பேட்டாவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 இலும் ஒன்ராறியோவினது 2024 இலும் தீர்த்தன. நீதிமன்றங்கள் இவ்வளவுக்கு இறங்கிவந்திருப்பது, எல்லைகளில் அகதியின் தொலைபேசி எவ்வளவு ஆவலோடு வாசிக்கப்பட்டது என்பதற்கே சாட்சி.

கோரிக்கை விசாரணையில் இது ஒரு இருதலைக் கொள்ளியாகிறது. அரசியல் எதுவும் பதியாதவரைப் பார்த்து, உமக்கு என்ன ஆபத்து, இலங்கை அரசு உம்மை ஏன் தேடவேண்டும் என்று கேட்கலாம். பதிந்தவரைப் பார்த்து, வழக்கைப் பலப்படுத்துவதற்காகவே இங்கு வந்து பதிந்தீர் என்று சொல்லலாம். பேசினால் வேடம், பேசாவிட்டால் ஆபத்தில்லை. 'ஒன்றையும் அழிக்காதேங்கோ' என்ற என் அறிவுரை இங்குதான் தலைகீழாகிறது. கூலிக்கு ஆதாரமாகச் சேமித்துவைத்த அதே தொலைபேசிக்குள், வேறொருவர் அனுப்பிய ஒரு படம், கேளாமலே சேர்க்கப்பட்ட ஒரு குழு, யாரோ பகிர்ந்த ஒரு பாட்டு எல்லாம் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு படம்

இங்கு நான் அறிந்த ஒரு தாயின் தொலைபேசியில் ஒரு படம் இருக்கிறது. அவருடைய நிலையில் பலர் இருப்பதால் இதைச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பதாகாது. மகள் 2009 இல் இறந்தவள். கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த வழியில் குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. எஞ்சியது, இயக்கத்தில் சேர்க்கப்பட்ட பின் எடுக்கப்பட்ட, சீருடையோடு உள்ள ஒன்று மட்டும். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துச் சென்ற காலம் அது. அவள் விரும்பிப் போனாளா என்ற கேள்விக்குப் படத்தில் விடையில்லை.

இந்தப் படத்தை நான்கு பேர் வாசிக்கிறார்கள்.

முதலாவது வாசகர் அரசு. கனடா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாக 2006 ஏப்ரலில் பட்டியலிட்டது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34 ஆம் பிரிவில் 'உறுப்பினர்' என்ற சொல் மிக அகலமாகப் பொருள்கொள்ளப்படுகிறது. ஒரு சீருடைப் படம் குடும்பத்தையே கேள்விக்குட்படுத்தும் தொடக்கமாகலாம். இலங்கையிலோ நிலைமை இன்னும் மோசம். 2014 இல் அரசு 16 அமைப்புக்களையும் 424 தனிநபர்களையும் பட்டியலிட்டது. 2020 நவம்பரில், புலிகள் தொடர்பான முகநூற் பதிவுகளுக்காக மட்டக்களப்பில் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகினர். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது.

இரண்டாவது வாசகர் நிறுவனம். 'ஆபத்தான அமைப்புக்கள்' என்று மெட்டா நிறுவனம் தொகுத்துவைத்திருந்த இரகசியப் பட்டியல் 2021 ஒக்ரோபரில் பத்திரிகையில் வெளியானபோது, அதில் விடுதலைப் புலிகளின் பெயரும் இருந்தது. புகழ்வதற்கும் துக்கிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரம் அறியாது. நினைவு நாளில் ஏற்றிய படம் விளக்கமின்றி மறைகிறது. முறையிட்டால் கணக்கு முடங்குகிறது.

மூன்றாவது வாசகர் எமது தேசியவாதி. அவருக்கு அந்தப் படம் வேண்டும். பெயரும் இயக்கப் பெயரும் வீரச்சாவடைந்த திகதியும் இட்டு, கொடியின் பின்னணியில், ஒவ்வொரு நவம்பரிலும் பகிரவேண்டும். 'ஏன் அம்மா போடேல்லை? பயமோ?' என்று ஊர்க் குழுவில் பகிரங்கமாகக் கேட்கிறார். அவர் பல வருடங்களுக்கு முன்னரே பிரஜாவுரிமை பெற்றவர். கேட்கப்படும் தாயின் வழக்கு இன்னும் முடியவில்லை.

நான்காவது வாசகர் நாம். மாற்றுக் கருத்தாளர், விமர்சகர் என்று எம்மை அழைத்துக்கொள்பவர்கள். இவ்வகைப் படங்களை நாம் 'தியாகி வழிபாடு' என்றும் 'மரணத்தின் அழகியல்' என்றும் எழுதிக் கடந்துவிடுகிறோம். பொதுவெளியில் இயக்கம் கட்டியெழுப்பிய சடங்கு பற்றி அவ்விமர்சனம் சரியே. ஆனால் ஒரு தாயின் தொலைபேசிக்குள் இருக்கும் படத்தையும் அதே கண்ணால் பார்க்கும்போது, நாமும் அரசைப் போலவே, இயந்திரத்தைப் போலவே, சீருடையைத்தான் முதலில் பார்க்கிறோம்.

அந்தத் தாய் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? தொலைபேசியிலேயே படத்தைக் கழுத்துக்கு மேலாக வெட்டி, முகத்தை மட்டும் தனியாக வைத்திருக்கிறார். 'எனக்கு முகம்தானே வேணும்' என்றார். முழுப் படம் எங்கே என்று நான் கேட்கவில்லை. பயத்தினாற் செய்த தணிக்கை இது என்று சொல்லலாம். இருக்கலாம். ஆனால் நால்வரும் பிள்ளைக்கு முன்பாகச் சீருடையை வாசித்தபோது, சீருடையிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்த ஒரே வாசிப்பு அவருடையது. எமது பக்கங்களில் வெளிவந்த எந்த விமர்சனமும் அந்தப் படத்தை இவ்வளவு துல்லியமாக வாசித்ததில்லை.

ஒரு மறுப்பும் பதிலும்

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆவணமாவதே ஆபத்தென்றால், 2009 இல் நடந்தவற்றை உலகுக்குக் காட்டியது எது? நிர்வாணமாக்கிக் கண்கட்டிச் சுடப்பட்டவர்களின் காட்சியை 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியது. படையினரின் கைத்தொலைபேசியிற் பதிவானதென்று சொல்லப்பட்ட காட்சி அது. இங்கு இளைஞர்கள் குறுஞ்செய்தியாலும் முகநூலாலும் திரண்டே ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் முன் நின்றார்கள், 2009 மே 10 இல் ரொறன்ரோவின் காடினர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2015 ஜனாதிபதித் தேர்தற் பிரசுரமொன்றில், வேட்பாளர் சிறிசேனவோடு நின்ற பள்ளிப் பிள்ளைகளிடையே காணாமற்போன தன் மகளை ஒரு தாய் அடையாளம் கண்டார். படங்கள் இல்லையேல் இவை ஏது?

மறுப்பை ஏற்கிறேன். சாட்சியத்துக்கு எதிராக நான் பேசவில்லை. ஆனால் இவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். நெடுஞ்சாலையில் இறங்கியவர்கள் தாமாக முகத்தைக் காட்டினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இங்கு பிறந்தவர்கள் அல்லது பிரஜைகள். பிரசுரத்தை நீட்டிய தாய் கேள்வி கேட்பவராக அதை நீட்டினார். தொலைபேசியைப் பறிகொடுத்து நிற்கும் அகதியோ தன் படத்தாலேயே கேள்வி கேட்கப்படுகிறார். படம் சாட்சியமாவதை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

'வட்ஸ்அப்பில வாறதுதான் வேதம்' என்ற முறைப்பாட்டுக்கும் ஒரு பதில் உண்டு. செய்திகளுக்குப் பணம் கொடுக்கவேண்டுமென்ற கனடியச் சட்டத்துக்குப் பதிலடியாக, மெட்டா நிறுவனம் 2023 ஓகஸ்ட் 1 முதல் கனடாவில் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி இணைப்புக்களைத் தடுத்தது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் இதில் அடங்கின. பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாக வாசிப்பவர் வேறு வழியிற் செய்தியைத் தேடிக்கொள்வார். தமிழில் மட்டும் வாசிக்கும் ஒருவரின் முகநூலில் எஞ்சியவை செய்தியின் படப் பிரதியும், யாரோ பேசி அனுப்பிய ஒலித்துண்டும், மூலமற்ற வதந்தியுமே. சனம் சீரழிந்ததென்று சொல்லுமுன், கிணற்றை மூடியது யாரென்றும் கேட்கவேண்டாமா?

மௌனம் பற்றி

அகதிகள் இணையத்தில் எழுதுவதில்லை, விருப்பக்குறி இடுவதோடு சரி, அதுவும் பிறந்தநாட் படங்களுக்கு மட்டும் என்று குறைபடுகிறோம். ஒருவர் என்னிடம் சொன்னார்: ஊரிலுள்ள தம்பி ஒவ்வொரு நவம்பரிலும் தன்னை முகநூல் நட்பிலிருந்து நீக்கிவிடுவானாம். டிசம்பரில் திரும்பவும் சேர்த்துக்கொள்வானாம். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதேயில்லை. 'அவனிலை பிழையில்லை. நானெண்டாலும் அப்பிடித்தான் செய்வன்' என்றார். இந்த மௌனத்தை அக்கறையின்மை என்று வாசிப்பவர் அரசியலை வாசிக்கத் தெரியாதவர்.

புனைபெயரின் அருமையை எமது சஞ்சிகை மரபு நன்கறியும். 1980களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவிலும் கனடாவிலும் வெளிவந்த சிற்றேடுகளிற் பாதிப்பேர் சொந்தப் பெயரில் எழுதவில்லை. 1994 மே 1 இல் பாரிசில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டபோது, ஏன் எழுதவில்லை என்பதை எவருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்று பாமினி எழுத்துருவில் அச்சான முந்நூறு பிரதிகளின் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது. இன்று முகநூல், அன்றாட வாழ்வில் அறியப்படும் பெயரையே கேட்கிறது. தொலைபேசி எண் இல்லாமல் வட்ஸ்அப் இல்லை. அந்த எண்ணே சிம் அட்டைக்கும் வங்கிக்கும் குடிவரவுக் கோப்புக்கும் உரிய எண். எமக்கு உயிர்தந்த ஒளிவிடத்தை எமக்குப் பின் வந்தவர்கள் இழந்து நிற்க, 'ஏன் துணிந்து எழுதுகிறார்களில்லை' என்று நாம் கேட்பது நியாயமா?

அப்படியானால் எம்மைப் போன்ற சஞ்சிகைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய திட்டங்கள் என்னிடமில்லை. மூன்று சிறிய காரியங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, புனைபெயருக்கு மீண்டும் கதவைத் திறப்பது. எழுதுபவர் யாரென்பதை ஆசிரியர் குழுவில் ஒருவர் மட்டும் அறிந்திருந்தாற் போதும். கைப்பட எழுதித் தந்தாலும், வாயாற் சொல்லி நாம் எழுதிக்கொண்டாலும் ஏற்கவேண்டும். தன் தொலைபேசிவழி எதையும் அனுப்ப அஞ்சுபவருக்குக் காகிதம் இன்றும் பாதுகாப்பானது. விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அச்சுச் சஞ்சிகை பழைமைவாதம் என்று சிரிப்பவர்களுக்கு இதுவே என் பதில்.

இரண்டாவது, பிறருடைய முகநூற் பதிவுகளையும் படங்களையும் கேளாமல் எடுத்து மேற்கோள் காட்டும் வழக்கத்தைக் கைவிடுவது. 'பகிரங்கமாகத்தானே போட்டிருக்கிறார்' என்ற நியாயம் ஒரு எழுத்தாளருக்குப் பொருந்தலாம். வழக்கு நிலுவையிலுள்ள ஒருவருக்குப் பொருந்தாது. எமது கட்டுரையின் அடியில் அச்சாகும் அவர் பெயரை, எமது வாசகரல்லாத ஒருவரும் வாசிக்கக்கூடும்.

மூன்றாவது, சேகரிப்பு. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. நாம் அச்சிட்டுக் கைவிட்ட பல இதழ்கள் இன்று வாசிக்கக் கிடைப்பது அந்த உழைப்பாலேயே. ஆனால் தாய்மாரின் தொலைபேசிகளுக்குள் உள்ள படங்களும் குரற்பதிவுகளும், ஒரு கருவி தண்ணீரில் விழுந்தாலோ ஒரு கணக்கு முடக்கப்பட்டாலோ அழிந்துவிடும். அவற்றை உரியவரின் சம்மதத்தோடு, அவர் குறிக்கும் காலம்வரை எவரும் திறக்கமுடியாதபடி பூட்டி வைக்கும் ஒரு ஏற்பாடு எமக்கு வேண்டும். வெளியிடுவதையே வேலையாகக் கொண்ட எமக்கு வெளியிடாமல் காப்பதும் ஒரு வேலை என்று ஏற்பது கடினந்தான்.

இம்மூன்றுக்கும் எதிராகச் சொல்லக்கூடியவையும் உண்டு. புனைபெயரின் பின்னால் அவதூறு வளரும் என்பதை எமது கடந்த காலமே காட்டியிருக்கிறது. பூட்டிவைத்த சேகரிப்பின் திறப்பு யாரிடம் இருப்பது, நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளும் எழும். இவற்றுக்கு என்னிடம் முடிந்த முடிபுகள் இல்லை. ஆனால் அந்தத் தாய் தன் மகளின் முழுப் படத்தை என்றாவது ஒருநாள், எவருக்கும் பயப்படாமல், எவருடைய வற்புறுத்தலுமின்றி, தானாக விரும்பி ஒரு இடத்தில் கொடுத்துவைக்க விரும்பினால், அந்த இடம் எங்கே இருக்கிறது? அடுத்த இதழில் நண்பர்கள் இக்கேள்வியிலிருந்து விவாதத்தைத் தொடங்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.